காற்றைப் பிடுங்கிவிட்ட செவ்வாய்க்கிழமை

எட்டாம் வகுப்பில் நான் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தபோது அப்பா முதல் காரியமாக டைம்டேபிள் போட்டார். மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் அப்பாக்களுக்குத் தெரிந்த ஒரே பயிற்சி டியூஷன்தான். கணக்கு வரவில்லையென்றால் இன்னும் ஒரு மணி நேரம். கால் வரவில்லையென்றாலும் அதேதான். ஏழு நாளும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி, சயான் வழியாகச் செம்பூர் போய்த் திரும்ப வேண்டும், முடிந்த மட்டும் வேகமாக. ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட், அவர் வாசலில் கைக்கடிகாரத்தோடு நிற்பார். பந்தயத்தில் முதல் பத்துக்குள் வராவிட்டால் சைக்கிள் செம்பூர்ப் பெரியப்பா பையனுக்கு என்று கடைசி வரியில் எழுதியிருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமையிலும் என் நேரம் மோசமாகிக்கொண்டே போனது. தொடை கல்லாகக் கனத்தது, வகுப்பில் தூங்கி விழுந்தேன். அப்பா சனிக்கிழமை மாலையையும் சேர்த்துவிட்டார்.

வந்த கோபத்தில், போன வருஷம் ஜெயித்த பெண்ணைத் தேடிப் போனேன். மராத்திப் பெண், என்னைவிட இரண்டு வகுப்பு மேலே. சயான் பங்சர் கடை ஒன்றுக்கு வருவாள் என்று கேள்விப்பட்டு, அங்கே போய்ப் பிடித்தேன். டைம்டேபிளைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளைத் தொடாதே, ஒரே ஒரு நாள் வேகமாகப் போ, மற்ற நாளெல்லாம் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும் என்றாள். கூடப் பேச எனக்கு ஆளில்லை. அதனால் குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி என்று ஹார்பர் லைன் ஸ்டேஷன்களை உரக்க ஒப்பித்துக்கொண்டே ஓட்டினேன். பால்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வினை வீட்டில்தான். செவ்வாயும் வெள்ளியும் ரெஸ்ட் என்று அறிவித்தேன்.

"லீவு போட்டா போர்ஷன் எப்படிடீ முடியும்?" என்றார் அப்பா.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்பா பம்பு அடித்தார். அவர் குளிக்கப் போனதும் மறுபடி பிடுங்கினேன். மறுபடி அடித்தார். அதையும் பிடுங்கினேன். குளித்துவிட்டுப் போட்ட சட்டை முதுகோடு ஒட்ட, மூன்றாவது தடவை அடிக்க வந்தார். உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் டியூப்தான் போகப்போகிறது என்றாள் அம்மா. நான் பம்பைப் பறித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "கொன்னாலும் இன்னிக்கு ஓட்டமாட்டேன்" என்றேன். ஆபீஸ் போகிற லோக்கல் ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அவர் போய்விட்டார்.

அடுத்த டெஸ்டில் நான் வந்து நின்றபோது அப்பா கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பந்தயத்தில் ஆறாவதாக வந்தேன். அன்று மாலையே மாடிப்படியில் நின்று, தன் டைம்டேபிள் பலித்த கதையை அப்பா பக்கத்து வீட்டு மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதைக் கேக்காததாலதான் மாமா ஆறாவதா வந்தேன்" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். இன்றுவரை அதற்காக நான் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கிற உத்தேசமும் இல்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ஏதோ அரசாங்க விடுமுறை. அப்பா வழக்கம்போல் விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து, பேன்ட் போட்டுக்கொண்டு, பேப்பரை இரண்டு தடவை படித்து முடித்திருந்தார். நான் ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தேன். அறை வாசலில் வந்து நின்றார்.

"ரெஸ்ட் ரெஸ்ட்டுங்கறியே, அப்போ என்னதான் பண்ணுவே?"

கிண்டல் என்று நினைத்தேன். "ஒண்ணும் பண்ணமாட்டேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, மடித்த பேப்பரைப் பிரித்து மறுபடி மடிக்கிற சத்தம் கேட்டது. அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.