டெஸ்ட் மெஷினுக்குத்தான்

இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா என்று படமெடுத்துச் சொல்லும் ஸ்கேன், எண்பதுகளில் எங்கள் சென்னை மருத்துவமனைக்குப் புதிதாக வந்தது. அதை நம்பலாமா என்று சோதித்துக்கொண்டிருந்தோம். நான் டெக்னீஷியன். நோயாளி டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் நன்றாக மூச்சு வாங்கும்வரை நடக்க வேண்டும். அப்போது, ரத்தம் போய்ச் சேரும் இடங்களைப் படத்தில் ஒளிரவைக்கும் மருந்தை ஊசியில் ஏற்றி, உடனே படமெடுக்க வேண்டும்.

அன்று வந்தவர் ஒரகடத்துக்காரர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சைக்கிளில்தான் போய்வருவதாகச் சொன்னார். ஏறிய சற்று நேரத்திலேயே, "கால் வலிக்குது பாப்பா, போதும்" என்று இறங்கிவிட்டார். தினமும் வேலைக்கு சைக்கிள் மிதிப்பவருக்கா கால் வலி? நானும் அந்த ஊர்தான். அந்த ரோடு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். மருந்தை ஏற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, கால்தான் வலிக்குதா?"

குரலைத் தாழ்த்தினார். "இன்னும் நடந்தா நெஞ்சைப் புடிச்சிக்கும்மா. ஃபெயில்னு எழுதிடுவீங்க. கம்பெனி மெடிக்கல்ல ஒருத்தனை அப்படித்தான் வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"இது கம்பெனி மெடிக்கல் இல்லண்ணே. டெஸ்ட் உங்களுக்கு இல்ல, இந்த மெஷினுக்கு. நீங்க வலியை மறைச்சா, அதுவும் ஒண்ணுமில்லன்னு பொய் சொல்லும்."

"மெஷினுக்கா டெஸ்டு?" சிரித்துவிட்டார். "அப்ப நான் இன்னாத்துக்குப் பயப்படணும்?"

டாக்டர் சம்மதித்ததும் மறுபடி ஏறினார். வலி தொடங்கியதும் கையைத் தூக்கினார். மருந்தை ஏற்றினோம். படத்தில் இதயத்தின் முன்பக்கம் ஓரிடம் இருண்டிருந்தது. பிறகு டாக்டர்கள் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தபோது, அந்த இடத்துக்கு ரத்தம் போகும் வழியில்தான் அடைப்பு இருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள், பிழைத்தார்.

எல்லோரும் மெஷினைப் பாராட்டினார்கள். ஆனால் அந்தப் படத்துக்குள் நான் கேட்ட ஒரு கேள்வியும் இருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.