கொடைரோட்டில் ஒரு டப்பா சீஸ்

நான் மதுரைக்குப் போக வேண்டிய ரயில் தாமதம். கொடைரோடு நிலையத்தில் என் பக்கத்தில் ஆரோக்கியமேரி டீச்சர் அமர்ந்திருக்கிறார். அதே ரயிலில் அவருடைய மகன் தன் பிரெஞ்சுக்கார மனைவியை முதல்முறையாக ஊருக்கு அழைத்து வருகிறானாம். டீச்சர் திடீரென்று ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டுகிறார்.

"தம்பி, இத வாயில போட்டுப் பாருங்க. சீஸ் மாதிரி இருக்கா?"

வெள்ளையாக, குழைவாக, நடுநடுவே பச்சைத் தழையோடு ஏதோ இருக்கிறது.

"மருமகளுக்கு சீஸுன்னா உசுராம். பாலக் காய்ச்சி எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். திரிஞ்சதும் துணியில வடிகட்டி, உப்பு, பூண்டு, மல்லித்தழை போட்டுப் பிசைஞ்சேன். சரியா வந்துச்சான்னு சொல்ல வீட்ல ஆளில்ல."

எனக்கும் தெரியாது. விரலால் தொட்டு நக்குகிறேன். தயிரும் இல்லை, வெண்ணெயும் இல்லை.

"நல்லா இருக்கும்மா."

"அது இருக்கட்டும். சீஸா, இல்லையா?"

ரயில் வந்துவிடுகிறது.

மருமகள் இறங்கியதும், நலம்கூட விசாரிக்காமல் டப்பாவை நீட்டுகிறார் டீச்சர். அவள் ஒரு கரண்டி வாயில் போட்டு, புருவத்தைச் சுருக்கிக் கணவனிடம் ஏதோ கேட்கிறாள்.

"ஏலே, என்ன கேக்குறா?"

"இது நம்ம ஊருப் பலகாரமான்னு கேக்குறாம்மா."

டீச்சர், பெட்டியில் ஏறி வாசற்படியில் நிற்கும் என்னைக் குழப்பத்தோடு பார்க்கிறார். ரயில் நகர்கிறது. மருமகள் அதற்குள் இரண்டாவது கரண்டி எடுத்துவிட்டாள்.

"ஆமான்னு சொல்லு அப்பு" என்கிறார் டீச்சர் மகனிடம்.