கற்றாழைச் சாராயமும் என் தொந்தியும்

வடமாலபேட்டையில் பஸ் நிற்கிறது. ஊர் ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று இன்னும் தகராறு. மதுவிலக்கு மட்டும் இரண்டு பக்கமும் உண்டு. மாலையில் திருப்பதி டாக்டர் என்னை எடை போடுவார். ஏறியிருந்தால் தொலைந்தேன்.

வடை சுடும் அம்மாளிடம், வேலியோர ஆனைக் கற்றாழையைக் காட்டிக் கதை அளக்கிறேன்.

“மெக்சிகோல இதுல சாராயம் வடிக்கிறாங்கம்மா. சர்க்கரை, கொழுப்பு, சத்து ஒண்ணும் கிடையாது. ஆனா கலோரி மட்டும் ஏராளம்!”

கரண்டி அப்படியே நிற்கிறது.

“நீங்க போலீசா சார்? நான் எதுவும் காய்ச்சறதில்ல.”

“ஐயோ, போலீஸ் இல்லம்மா.”

“இந்தத் தொந்திய வச்சிக்கினு இல்லன்றீங்களே! போலீசுன்னா ஓசில துன்னுவாரு. காசு குடுத்துத் துன்னு நைனா, நம்பறேன்.”

நான் போலீஸ் இல்லை என்பதை இப்போது நாலாவது வடையாக நிரூபித்துக்கொண்டிருக்கிறேன்.