ராகிக் கொல்லையில் ஓடிய ரயில்

இரண்டு வருடம் அந்த ஆணி என் மேஜை இழுப்பறையில், பழைய மூக்குக்கண்ணாடிகளுக்கு அடியில் கிடந்தது. கட்டைவிரல் தடிமன், சதுரமான உடம்பு, ஒரு பக்கம் மட்டும் நாக்கை நீட்டியது போன்ற தலை. தண்டவாளத்தை மரக்கட்டையோடு இறுக்கிப் பிடிக்கிற ஆணி. அதை நான் திருடவில்லை. மண்ணில் கிடந்ததை எடுத்தேன். எடுத்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

ஓசூரில் நாங்கள் ஐந்து பேர். பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாயைத் தவிர மற்ற எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஞாயிறு காலையில் ராயக்கோட்டை ரோட்டு டீக்கடையில் கூடுவோம். எங்கள் அப்பாக்கள் காலத்தில் இந்தப் பக்கம் ஒரு சின்ன ரயில் ஓடியது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான். இரண்டாம் உலக யுத்த சமயத்தில் அதை மூடி, இரும்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பல வருடம் கழித்துப் பெரிய ரயில் வந்தது. சின்ன ரயில் எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. வேலி தாண்டுவோம், மதகுகளை அளப்போம், சண்டை போடுவோம், போண்டா தின்போம். இருக்கிற ரயிலில் ஒரு நாளும் எங்கேயும் கூட்டிப்போகாத மனிதர் இல்லாத ரயிலைத் தேடி அலைகிறார் என்று என் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழுவில் படித்தவன் என்று பெயர் எடுத்தவன் நான். ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன். கெலமங்கலம் பக்கத்தில் பெரிய ரயில் பாதை முழுக்கச் சின்ன ரயில் பாதையின் மேலேயே போடப்பட்டது என்று பதினொரு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். மற்றவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த ஜெராக்ஸ்தான் என்னைக் கெடுத்தது.

ஆறாவதாக வந்து சேர்ந்தார் ஒரு விவசாயி. பெரிய ரயில் பாதையிலிருந்து அரை மைல் தள்ளி, ஒரு பாறைக்குன்றின் அந்தப் பக்கம் அவருக்குக் கொல்லை, வானம் பார்த்த ராகி நிலம். எங்களிடம் தமிழில் பேசுவார், மாட்டிடம் கன்னடத்தில், போனில் மச்சானிடம் தெலுங்கில். வந்த முதல் நாளே டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

"எங்க கொல்லையில வந்து பாருங்க சார். குறுக்கால வளைஞ்சு ஒரு பட்டை போவுது. அதுல மட்டும் ராகி முழங்காலுக்கு மேல ஏறாது. எவ்ளோ எரு அடிச்சாலும் அவ்ளோதான். அதுமேலதான் ரயிலு போச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு."

அதைச் சொன்னதற்காகவே அவர் அப்பாவை ஊரில் சாகும்வரை 'ரயில்காரன்' என்று கிண்டல் செய்தார்களாம். கல்யாண வீட்டில் பந்திக்குத் தாமதமாக வந்தால், வண்டி லேட்டா என்று கேட்பார்களாம். எங்கள் வரைபடத்தில் அந்தக் கொல்லை வழியாக ஒரு கோடு விழுந்தால் போதும், அதை ஊரில் காட்டிவிடுவேன் என்றார். அவர் எங்களிடம் வேண்டியது அந்த ஒன்றுதான்.

பாதை போட்ட வெள்ளைக்காரன் குன்றைச் சுற்றி அவ்வளவு வளைவு ஏன் போடப்போகிறான் என்று நான் கேட்டேன். பிறகு, கடையில் எல்லோர் காதிலும் விழும்படி, "ராகியெல்லாம் சாட்சி சொல்ல வராதுங்க. இரும்பு ஏதாவது இருந்தா கொண்டாங்க, பாக்கலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் கட்டுரை தப்பித்தது. அன்றே அவர் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய் மாட்டுக்கொட்டகைக்குள் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்; மழை விடாததால் கொல்லைக்குள் இறங்காமலே திரும்பினோம்.

அந்த வருடம் தையில் அறுவடை முடிந்ததும் ஒருநாள் தனியாக அந்தக் கொல்லைக்குப் போனேன். அவர் சொன்னது தப்பு என்று உறுதிசெய்துகொள்ளத்தான் போனேன். உழுது போட்டிருந்த மண்ணில் அந்தப் பட்டை மட்டும் கறுப்பாக, ஜல்லியும் கரிச்சாம்பலுமாக, குன்றை ஒட்டி அழகாக வளைந்து போனது. ஓரத்தில் செருப்பில் ஏதோ தட்டியது. குனிந்து எடுத்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தொழிற்சாலையில் ஒருமுறை, தரமில்லை என்று கழித்த ஓர் உதிரிபாகத்தைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்த ஊழியரை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் நான். பஸ்ஸில் அந்த ஊழியரின் முகம் ஞாபகம் வந்தது. ஆனாலும் அடுத்த வாரம் எங்கள் வரைபடம் ஃபிளெக்ஸில் அச்சாகி டீக்கடைச் சுவரில் ஏறியபோது, சின்ன ரயில் பெரிய ரயிலின் மேலேயே நேராகப் போயிற்று. விவசாயி அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

வராதவர் சும்மாவும் இருக்கவில்லை. மார்கழி வந்ததும் பாய் கையில் எனக்கு ஒரு பை அவரைக்காய் கொடுத்தனுப்பினார். அடுத்த மார்கழியிலும் அனுப்பினார். என் மனைவி ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டே, "அந்த மனுசன் வருசம் தவறாம அனுப்பறாரு. நீங்க ஒரு போன் பண்ணலையே" என்றாள். அன்று அந்தக் குழம்பு எனக்கு இறங்கவில்லை. ஆணியை எடுத்துக்கொண்டு பாயிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவர் ஆணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

விவசாயி மாட்டுக்கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டிலில் எங்களை உட்காரவைத்தார். முன்பு மழையில் வந்தபோது உள்ளே உட்கார்ந்திருந்தோம். ஆணியை அவர் கையில் கொடுத்து, எங்கே எடுத்தேன், எப்போது எடுத்தேன், ஏன் ஒளித்தேன் என்று வரிசையாகச் சொன்னேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வருசமா சார்?"

"ரெண்டு வருசம்."

"போன ஆடியிலதான் எங்கம்மா போனாங்க. அவங்க காதுல போட்டிருப்பேன்."

 

அவர் எழுந்து கொட்டகைக்குள் போனார். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. நாங்கள் உள்ளே போனோம். மாடுகளுக்கு மேலே குறுக்கே கிடந்த உத்தரத்தில் நுகத்தடி, கயிறு, சாட்டை, பழைய லாந்தர் எல்லாம் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றையும் தாங்கியது ஓர் ஆணி. சதுர உடம்பு, நாக்கு நீட்டிய தலை. பாய் எண்ணிப் பார்த்தார். பதினான்கு.

"எங்கப்பா அடிச்சது. பொறந்ததுல இருந்து பாக்கறேன், ஆணின்னுதான் பாத்தேன்" என்றார் விவசாயி. "இரும்பு கொண்டான்னு சொன்னீங்களே சார், அன்னிக்கும் இதுக்குக் கீழதான் உக்காந்து காப்பி குடிச்சீங்க."

"படிச்சவரு ஒண்ண ஒளிச்சாரு. நீ பதினாலுல மாட்டுக்கயிறு தொங்கவிட்ட" என்றார் பாய். "ரெண்டு பேரும் நல்ல ஆராய்ச்சிக்காரங்கண்ணா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது இங்கே வேண்டாம், எங்கே சிரித்தார்களோ அங்கே வந்து சொல்லுங்கள் என்றார். நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில், போண்டா தட்டுகளுக்கு நடுவில் எழுந்து நின்று சொன்னேன். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் மட்டும், அப்படியானால் சுவரில் இருக்கிற ஃபிளெக்ஸ் தப்பா, இரண்டு வருடமாகத் துடைத்து வைத்திருக்கிறேனே என்று வருத்தப்பட்டார்.

மார்க்கர் பேனாவால் ஃபிளெக்ஸ் மேலேயே குன்றைச் சுற்றிப் புதுக் கோடு போட ஆரம்பித்தேன். பாதி போட்டிருப்பேன். பின்னாலிருந்து விவசாயியின் குரல் வந்தது.

"வளைவு பத்தாது சார். வேப்பமரத்த ஒட்டிப் போவணும்."

சின்ன வண்டியே கவிழ்ந்துவிடும், அவ்வளவு வளைக்க முடியாது என்றேன். பழக்கம் விடவில்லை. அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். நான் பெஞ்சை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதன்மேல் ஏறி நின்று, தன் கொல்லை வழியாக ரயிலை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். கோடு கொஞ்சம் கோணல். அடுத்த ஃபிளெக்ஸில் அந்தக் கோணலை அப்படியே அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம்.