கோமதியின் முகம்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இஸ்திரிப்பெட்டி பிடித்துப் பழகிய கைக்குப் பேனா வழுக்குகிறது. எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்னும் சந்தேகம்தான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாக எழுத நினைத்து, கூச்சத்தில் தள்ளிப்போட்டது இது.

ஓமான் நாட்டில் நிஸ்வா என்ற ஊரில் ஒரு சலவைக் கடையில் பதினோரு வருடமாக இஸ்திரி போடுகிறேன். இங்கே ஆண்கள் கணுக்கால் வரைக்கும் வெள்ளை அங்கி போடுவார்கள். திஷ்தாஷா என்று பெயர். அதில் ஒரு சுருக்கம் இருந்தாலும் திரும்பக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிடுவார்கள். இந்த ஊரில் எனக்கு இன்றுவரை பழகாத ஒன்று, ஆண்பிள்ளை அழுதால் அது சாவுதான் என்று நினைத்துக்கொள்வது. எங்கள் பக்கத்தில் டெண்டுக் கொட்டாயில் மீசை வைத்த ஆட்களெல்லாம் கதாநாயகியின் தாய்க்காகத் தேம்பித் துண்டில் மூக்கைச் சிந்துவார்கள். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம். இங்கே ஆறரை, ஊரில் எட்டு. கஞ்சி பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு எங்கள் சீரியலைப் பார்த்தபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அது ஒரு அரிசி மில் குடும்பத்தின் கதை. மூத்த மருமகள் கோமதி நல்லவள். நாத்தனார் பிரபா, மாமியாரின் வளையலைத் தானே ஒளித்துவைத்துவிட்டுப் பழியைக் கோமதி மேல் போட்டாள். அன்றைக்குக் கோமதியைக் கட்டின புடவையோடு வெளியே தள்ளினார்கள். என் கண்ணீர் யாருடைய திஷ்தாஷா மேலோ சொட்டியது. இஸ்திரிப்பெட்டி பட்டதும் சுர்ரென்றது.

அப்போதுதான் ஸாலிம் என்கிற பெரியவர் துணி வாங்க வந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "மவுத்?" என்றார். சாவா என்று கேட்கிறார்.

"லா, லா" என்றேன். இல்லை என்பதற்கு மேல் சொல்ல எனக்கு அரபி போதவில்லை. எனக்குத் தெரிந்த அரபியெல்லாம் கஞ்சி, காலர், நாளைக்கு வா என்பதற்குள் அடங்கிவிடும். மருமகள் என்பதற்கும் கதை என்பதற்கும் வார்த்தை தெரியாது. தெரிந்ததைக் கூட்டி, "உக்தி... பைத்... பர்ரா" என்றேன். சகோதரி, வீடு, வெளியே. பெரியவர் கண்ணை மூடி ஏதோ ஓதினார். என் தோளைத் தட்டிவிட்டுத் துணியைக்கூட எடுக்காமல் போனார்.

மறுநாள் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் அல்வாவும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். திருப்பிக் கொடுத்தால் அவருக்கு அவமானம் என்று எங்கள் மலையாளி மேனேஜர் சொன்னார். சாப்பிட்டுவிட்டேன். சாப்பிட்ட பிறகு உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. அதிலிருந்து ஸாலிம் எப்போது வந்தாலும் முதலில், "உக்தி?" என்பார். அந்த வாரக் கதையைப் பொறுத்து நன்றாக இருக்கிறாள் என்றோ, கஷ்டப்படுகிறாள் என்றோ சொல்வேன்.

நான் பேசத் தெரியாதவன். நாலு பேர் நின்றால் ஐந்தாவதாக நிற்கக் கூசுவேன். ஆனால் கதை என்றால் என் வாய் வேறு ஆளுடைய வாய். திருக்கழுக்குன்றத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவே எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தை விட்டதும் டெண்டுக் கொட்டாயில் இடைவேளையில் முறுக்கு விற்றேன். ஒரே படத்தைப் பதினைந்து நாள் பார்ப்பேன். முறுக்கு மடிக்கப் பழைய வாரப் பத்திரிகைகள் வரும். அதிலுள்ள தொடர்கதையில் நடுவில் ஒரு பக்கம்தான் கிடைக்கும். முன்னும் பின்னும் நானே கட்டிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை டீக்கடை ரேடியோவில் படத்தின் வசனம் மட்டும் ஓடும். முகம் தெரியாத குரல்களுக்கு நான் முகம் வைத்துக்கொள்வேன்.

பிறகு கடலோரச் சவுக்குத் தோப்பில் கூலி வேலை. கிளை கழிக்கிற பெண்கள், "முறுக்கு, நேத்து பாத்த படத்த சொல்லுடா" என்பார்கள். சொல்வேன். சண்டைக்குச் சவுக்கு மிலாறைச் சுழற்றுவேன். கதாநாயகன் செத்துப்போகிற படமாக இருந்தால் சாகவிடாமல் சொல்லிவிடுவேன். அந்தக் கூட்டத்தில் மல்லிகா என்று ஒரு பெண். மூச்சு வாங்க நான் நிறுத்தினால் போதும், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கையை வைத்து, "அப்புறம்?" என்பாள். அந்த "அப்புறம்" கேட்பதற்காகவே தேவையில்லாத இடத்தில் நிறுத்துவேன். பெரியவர்கள் பேசி அவளையே எனக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான புதிதில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். "பேச்சு வர்லன்னா ஒரு கதையாச்சும் சொல்லு மாமா" என்றாள். எங்கள் குடும்பம் அப்படித்தான் தொடங்கியது. வேறு பேச்சு எங்களுக்குப் பழகவே இல்லை.

பிழைப்புக்காக ஊரப்பாக்கம் வந்தோம். ஒரு பெண் பிறந்தாள், ரேகா. அப்புறம் நான் இங்கே வந்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் மல்லிகா போனில், "நம்ம தெரு பொம்பளைங்கல்லாம் மறைமலைநகர் கம்பெனிக்குப் போவுதுங்க, வூட்டாண்டயே பஸ் வருது. நானும் போவட்டா?" என்று கேட்டாள். "நான் எதுக்கு இங்க வெந்துகினு கீறேன்? நீ வேலைக்குப் போனா நான் செத்ததுக்கு சமம்" என்றேன். இதைச் சொன்னபோது நல்ல புருஷனாகப் பேசுகிறேன் என்று எனக்குப் பெருமை. அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த மாதம்தான் சீரியலும் தொடங்கியது. இருவரும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். முடிந்தவுடன் கடை மூலையில் நின்று குரல் பதிவு அனுப்புவேன். "மல்லி, பாத்தியா அவள! வளையல பீரோல வெச்சிட்டு கோமதி மேல பழி போடறாளே, இவள்லாம் நல்லா இருப்பாளா?" அவள் பதில் விடியற்காலையில்தான் வரும். பார்த்ததும் தூக்கம் வந்துவிடுகிறது என்பாள். எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் கேட்பேன். "நான் அப்பவே சொல்லல மாமா? அந்த பிரபா கண்ண பாத்தாலே தெர்ல?" பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும். "கேட்டாண்ட நின்னுகினு பேசறேன்" என்பாள். எட்டு பேர் படுக்கிற அறையில் அந்த ஒரு நிமிடத்தை இரண்டு மூன்று தடவை போட்டுக் கேட்பேன். ராத்திரியெல்லாம் கோமதியை நினைத்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள், என்னைப் போல என்று நினைப்பேன். அதுதான் எனக்குக் குடும்பம் நடத்துவது.

போன விடுமுறைக்குப் போகும்போது எனக்கு ஒரே ஆசை. எட்டு மணிக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கதை பார்க்கிற அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

போன மறுநாளே உட்கார்ந்தோம். ரேகா கட்டிலில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். மல்லிகா கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. மில் வாசலில் மஞ்சள் புடவையில் கோமதி வந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"த, வந்துட்டா பாரு கொலகாரி" என்றாள் மல்லிகா.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அடுத்து மாடிப்படியில் பிரபா இறங்கினாள். மல்லிகா உச்சுக் கொட்டி, "பாவம் கோமதி, எளச்சி துரும்பாயிட்டா" என்றாள்.

நான் டிவியைப் பார்க்கவில்லை. ரேகா போனிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"மல்லி, கோமதி எது?"

அவள் திரையைப் பார்த்தாள். விரலைத் தூக்கி, இறக்கிவிட்டாள்.

"எத்தினி நாளா பாக்கறதில்ல?"

"பாத்ததே இல்ல மாமா."

மூன்று வருடமாக வண்டிக்கு ஒயர் கட்டுகிற கம்பெனிக்குப் போகிறாள். விடியற்காலையில் பஸ் வந்துவிடும் என்பதால் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள். நான் வந்திருப்பதால் பத்து நாள் லீவு போட்டிருந்தாள். கதை அவளுக்கு எப்படித் தெரியும்? வண்டலூரில் ஏறுகிற ஜெயா அக்கா பஸ்ஸில் தினமும் முந்தின நாள் கதையைச் சொல்லுமாம்.

"இங்க இன்னா கொற வெச்சேன்? அனுப்பினது பத்தலியா?"

"பணத்துக்கா போனேன்? நீ அங்க, இவ காலேஜுல. ஒத்தையா செவுத்த பாத்துகினு குந்தினு இருந்தேன். பைத்தியம் புடிச்சிருக்கும் மாமா."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"செத்ததுக்கு சமம்னியே. உயிரோட இருக்கட்டுமேன்னு சொல்லல" என்றாள். ரேகா சிரித்துவிட்டாள். மல்லிகாவும் சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம். அவள் அத்தோடு விட்டிருந்தால் சிரித்திருப்பேன். "ஜெயாக்கா சூப்பரா சொல்லும் மாமா. கோமதிய வெளிய தள்ளுன அன்னிக்கி பஸ்ஸே அழுதுச்சி. உன்ன மாரியே சொல்லும்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "உன்ன வுட நல்லா சொல்லும்" என்றாள்.

வீட்டில் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போனதைக்கூட மன்னித்துவிட்டேன். மன்னிக்க நான் யார்? ஆனால் அந்த எட்டு மணி, இந்த ஆறரை மணி. நான் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்?

லீவு முடிந்து அவள் வேலைக்குப் போன முதல் நாள் நானும் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் விளக்கு அணையவில்லை. கம்பெனி பஸ் வந்தது. மல்லிகா ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். யாரோ ஒரு பெண் டிபன் பையோடு தூரத்தில் ஓடிவந்துகொண்டிருந்ததால் பஸ் நின்றது. உள்ளே, கம்பியைப் பிடித்தபடி ஒரு தடித்த அம்மா எழுந்து நின்றது. ஜெயா அக்காதான். ஊரப்பாக்கம் ஆட்கள் ஏறாமல் கதையை ஆரம்பிக்காதாம். இடுப்பில் கை வைத்துப் பிரபாவைப் போல் முகத்தை வெட்டியது. அன்றைக்கப்புறம் வீட்டில் நாங்கள் அந்தச் சீரியலைப் போடவே இல்லை, மல்லிகாவுக்குப் பத்து நாள் கதை பாக்கி அல்லவா? வேகமாகச் சொல்லிக்கொண்டே போய், நல்ல இடத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி நிறுத்தியது. எனக்கு அந்தத் தந்திரம் தெரியும். அது என் தந்திரம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மல்லிகா கன்னத்தில் கையை வைத்தாள். வாய் லேசாகத் திறந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உதடு மட்டும் தெரிந்தது. சவுக்குத் தோப்பில் பார்த்த அதே முகம். நான் இவ்வளவு தூரம் வந்தது அதைப் பார்க்கத்தான். பார்த்துவிட்டேன். ஓடிவந்த பெண் ஏறினாள். பஸ் கூடுவாஞ்சேரி பக்கம் போய்விட்டது. மல்லிகா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இங்கே திரும்பிய முதல் வாரம் பழையபடி குரல் பதிவு அனுப்பினேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை, அவளும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "மாமா, கோச்சிக்காத. நீ ராத்திரியே கதைய சொல்லிட்டா காலைல ஜெயாக்கா சொல்றப்போ சப்புனு கீது. நீ சொல்லாத, இன்னா?" சரி என்றேன். வெள்ளிக்கிழமை போன் பேசுகிறோம். சாப்பிட்டாயா என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். வெயில் எப்படி என்கிறாள். அங்கே எப்படி என்கிறேன். கதை இல்லாமல் இருபத்தி இரண்டு வருடப் புருஷன் பொண்டாட்டிக்கு இரண்டு நிமிடப் பேச்சு இருக்கிறது.

இப்போதும் ஆறரைக்குப் பார்க்கிறேன். ஆத்திரம் வந்தால் பட்டனை அழுத்திப் பேசிவிட்டு, அனுப்பாமல் தள்ளிவிடுகிறேன். நேற்று கோமதிக்கு வழக்கில் தீர்ப்பு. நீதிபதி வாயைத் திறக்கிற நேரத்தில் ஸாலிம் வந்தார். வழக்கம்போல, "உக்தி?" என்றார். ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். என்னவோ, இஸ்திரிப்பெட்டியை நிறுத்திவைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த நாற்பது ஐம்பது வார்த்தைகளையும் கையையும் வைத்துக்கொண்டு கோமதி கோர்ட்டுக்குப் போனதைச் சொன்னேன். பிரபா மாதிரி முகத்தை வெட்டிக் காட்டினேன். போலீஸ் வந்ததற்கு ஹாங்கரைச் சுழற்றினேன். பெரியவர் துணி மூட்டையை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நீதிபதி வருகிற இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். அவர் கன்னத்தில் கையை வைத்தார்.

"பாதேன்?" என்றார்.

அரபியில் அப்படியென்றால் அப்புறம் என்று அர்த்தம்.

மார்கழி பதினொன்று, வெள்ளிக்கிழமை, கடை விடுமுறை நாளில் எழுதியது.