விற்க நினைத்த ட்ரெய்லர்

வான் வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் அந்த ட்ரெய்லரை, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் இருந்ததால், மனைவிக்காகவே வாங்கினேன். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு அவள் யார் வீட்டிலும் தங்குவதில்லை. "மத்தவங்கட பாத்ரூமுக்கு என்னத் தூக்கிட்டுப் போக வேணாம்" என்பாள்.

ஆனால் உப்புக்காற்றில் இரும்பெல்லாம் துருப்பிடித்தது. டயர் மாற்றியே அலுத்துப்போனேன். ஒருநாள் பள்ளிவாசல்துறைக் கடற்கரையில் ட்ரெய்லரின் சில்லுகள் மணலில் புதைந்தன. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடிவந்து, கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள்.

"இத வித்துருவோம். என்னால ஏலாது," என்றேன்.

அவள் ட்ரெய்லருக்குள் இருந்த இடத்திலிருந்தே கை நீட்டி அடுப்பை மூட்டினாள். வீட்டுக் குசினியில் அவளுக்கு எதுவும் எட்டாது. இங்கே கேத்தல், சீனி, கோப்பைகள் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. வியர்த்து நின்றவர்களுக்கு ஒவ்வொரு கோப்பையாக நீட்டினாள்.

"ராத்தா, இன்னம் கொஞ்சம் தேத்தண்ணி இருக்கா?" என்றார் ஒருவர்.

"இருக்கு தம்பி, குடிங்க. விபத்துக்குப் பிறகு என்ட கையால தேத்தண்ணி குடிக்கிற முதல் வெளி ஆக்கள் நீங்கதான்."

அவள் முகத்தில் வீட்டுக்காரியின் பெருமை இருந்தது. நான் மணலில் உட்கார்ந்தேன். ட்ரெய்லரை விற்கவில்லை; இப்போதும் அதற்குச் செலவுதான். ஆனாலும் யாராவது பக்கத்தில் வந்தால், அவள் கேத்தலை எடுக்கிறாளா என்றே பார்க்கிறேன்.