பன்னிரண்டே முக்காலுக்கு நின்றுவிடும் தொடர்

நெட்காரர் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைப் பார்க்கமாட்டார். "ரூட்டர் எங்க இருக்கு?" என்றுதான் கேட்பார். வீட்டுக்காரர்கள் டிவியைக் காட்டுவார்கள், அதன் முதுகில் செருகியிருக்கும், நெட்டிலிருந்து படம் எடுத்துக் காட்டும் பிளேயரைக் காட்டுவார்கள், படம் வராமல் சக்கரம் மட்டும் சுற்றுவதைக் காட்டிப் புலம்புவார்கள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ரூட்டரைத் தேடுவார். அது மீன் தொட்டிக்குப் பின்னால் கிடக்கும். இல்லாவிட்டால் இரும்பு பீரோவின் தலையில், பழைய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில். ஒரு வீட்டில் செருப்பு அலமாரிக்குள் வைத்துக் கதவையும் சாத்தியிருந்தார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். ஒளித்தும் வைக்க வேண்டும், அது வீடு முழுக்க ஓடியாடி வேலையும் செய்ய வேண்டும். நல்ல நியாயம்!

தண்ணீர், கண்ணாடி, இரும்பு மூன்றும் வைஃபைக்கு ஆகாது. ரூட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வைப்பார். அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடுவார். பிறகு லேப்டாப்பைத் திறந்து, அந்த வீட்டு இணைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்ப்பார். பத்து வீட்டில் மூன்று வீட்டிலாவது பக்கத்து வீட்டுப் போன் ஒன்று ஓசியில் தொங்கிக்கொண்டிருக்கும். 'தடை' என்ற பொத்தானில் ஒரு தட்டு, அவ்வளவுதான். புதுப் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

முன்பெல்லாம் வேலை முடிந்த பிறகும் பத்து நிமிடம் வம்பளந்துவிட்டுத்தான் நகர்வார். மனைவி தவறிப்போனதிலிருந்து அதுவும் இல்லை. பதினான்கு மாதம் ஆகிறது. அவர் அழவில்லை. மனதுக்குள் போட்டுப் புழுங்குகிறார் என்று பார்க்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். உள்ளே புழுங்குவதற்கும் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத்தான் தெரியும். சாப்பிட்டால் உப்பு தெரியவில்லை. மழையில் நனைந்து வந்து சட்டையை மாற்றாமல் உட்கார்ந்திருப்பார். துணைக்குப் பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாக வந்த அக்கா, இந்தக் கோலத்தைப் பார்த்து அப்படியே தங்கிவிட்டார்.

மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவர் வேலைக்குப் போயிருந்தார். மத்தியானம் திடீரென்று நிலைமை மோசமாகி, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். மகள் அவரை மூன்று முறை போனில் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. அவளே கையெழுத்துப் போட்டாள். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போன் வண்டியில் கிடந்தது என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது மகளைப் பார்த்து, "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டு என் பொண்டாட்டியக் கொன்னுட்டே. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே" என்றார். அவள் ஒரு பையோடு போய்விட்டாள். பெற்றது ஒன்று, அதையும் வாயாலேயே விரட்டிவிட்டார்.

அக்காவுக்கு ஒரே பொழுதுபோக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் ஓடும் தொடர். பன்னிரண்டரைக்கு, சேனலில் ஓடும்போதே, பிளேயரில் போட்டுவிட்டு உட்காருவார். மூன்று வாரமாக அதிலும் மண்.

"டேய் தம்பி, சரியா பன்னண்டே முக்காலுக்கு நின்னுடுதுடா. அந்த மருமக வாயைத் திறக்கறா, சக்கரம் சுத்துது. ஒண்ணே காலுக்குத்தான் திரும்ப ஓடுது. அதுக்குள்ள அவ பேசி முடிச்சு அழவும் ஆரம்பிச்சுடறா."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுக்கா."

"பண்ணாமலா இருப்பேன்? சனி, ஞாயிறு மட்டும் நல்லா ஓடுது. ஊர்ல இருக்கற டிவியெல்லாம் ஓட வைக்கற. சொந்த வீட்டுக்கு வந்தா இடிச்ச புளி மாதிரி உக்காந்துடற. நாளைக்கும் நின்னுச்சு, பெட்டியைக் கட்டிக்கிட்டு நான் கிளம்பிடுவேன்."

போகிற ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் நச்சரிப்பு தாங்காமல் மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தார். ரூட்டர் கூடத்தில், வாசல் கதவுக்கு மேலே இருந்தது. அதில் பழுதில்லை. பிளேயரும் ஒழுங்காக இருந்தது. பன்னிரண்டரைக்குத் தொடர் ஆரம்பித்தது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டியலில் அவர் போன், அக்கா போன், பிளேயர், லேப்டாப் என்று நாலே நாலுதான் இருந்தன.

பன்னிரண்டு நாற்பத்தாறுக்கு ஐந்தாவதாக ஒரு பெயர் வந்தது. 'வாண்டு'.

வாண்டு என்பது மகளின் வீட்டுப் பெயர். அவளுக்கு முதல் போன் வாங்கிய அன்று அந்தப் பெயரைப் போட்டுக் கொடுத்தவர் இவர்தான். ஊருக்கெல்லாம் பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுப்பவர் தன் வீட்டில் மாற்றவே இல்லை. பழகிய போன், பக்கத்தில் வந்ததும் தானாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

பெயருக்கு எதிரே அலையின் பலம் காட்டும் எண் இருந்தது. எண்பத்தாறு. ஒரே அறையில் இருந்தால் நாற்பது காட்டும். தூரம் போகப் போக எண் கூடும். எண்பத்தாறு என்றால் நடுவில் இரண்டு சுவராவது இருக்கும். தெருவிலிருந்து நாலாம் மாடியில் இருக்கும் இந்த வீட்டுக்கு எட்டாது. லிஃப்டுக்குள் இருந்தால் அறுந்துவிடும். மிச்சம் இருப்பது மாடிப்படிதான். லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் மாடிப்படியை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவள் கீழே, திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

டிவியில் சக்கரம் சுற்றத் தொடங்கியது. "பாத்தியா? நான் சொன்னேனா இல்லியா?" என்றார் அக்கா.

காரணமும் அவருக்குப் புரிந்துவிட்டது. தூரத்திலிருக்கும் போன் ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்துத்தான் பேசும். அது முடிக்கும்வரை ரூட்டர் மற்றவர்களைக் காக்க வைக்கும். மகளின் போன் எதையோ நெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தது. டிவியில் மருமகள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். எழுத்து பொடியாக இருந்ததால் பிடிபடவில்லை. "அஞ்சு காட்டுதே, யாருடா அது? எவனோ ஓசியில உறிஞ்சறானா?"

"ம்."

"அப்புறம் என்ன பாத்துக்கிட்டே இருக்கே? வெட்டி விடு."

திரையில் அம்புக்குறி 'தடை' பொத்தானுக்கு மேலே நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். தொடர் ஓடும், அக்கா வாயை மூடுவார், மகள் காரணம் புரிந்துகொண்டு நாளையிலிருந்து வரமாட்டாள். யாரும் யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லை. அதுதான் சுலபம் என்று தோன்றியது. விரல் மட்டும் அசையவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்ததில் மணி ஒன்று ஐந்து ஆகிவிட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் அவள் எழுந்து போய்விடுவாள் என்ற நினைப்பு வந்ததும் பயமாக இருந்தது. பதினான்கு மாதத்தில் அவர் உணர்ந்த முதல் விஷயம் அந்தப் பயம்தான். லேப்டாப்பை அக்கா மடியில் வைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் வெளியே போனார்.

அவள் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் திறந்த சாப்பாட்டு டப்பா, பக்கத்தில் தரையில் கைப்பையும் போனும். இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் அவசரமாக டப்பாவை மூடிக் கீழே வைத்தாள்.

"போயிடறேம்பா. ரெண்டு தெரு தள்ளிதான் புது ஆபீஸ். சாப்பிட எங்கயாவது உக்காரணும்ல, அதான்."

"சாப்பிடு" என்றார். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல், தெரிந்ததைப் பேசினார். "உன் போன் எதையோ ஏத்திக்கிட்டே இருக்கு."

"அம்மா வீடியோ. போன் பழசாயிடுச்சு, எப்ப வேணா புட்டுக்கும். அதான் நெட்டுல பத்திரமா ஏத்தி வைக்கறேன். ஆபீஸ் நெட்டுல போட விடமாட்டாங்க. பாதிதான் ஏறியிருக்கு."

"இங்கருந்து போட்டா மாசக்கணக்காகும். உள்ள வந்தா பத்து நிமிஷம்."

"வரக்கூடாதுன்னு சொன்னீங்க."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். மணி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். நெட்காரர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு போன் வண்டியில இல்ல" என்றார். "சட்டைப் பையிலதான் இருந்துச்சு. ஒரு வீட்டுல ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டிருந்தேன். அவங்க டிவி ஓடல, பின்னாடியே நின்னு கத்திக்கிட்டிருந்தாங்க. முடிச்சுட்டுப் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போது தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அவள் போனை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"தெரியும்பா. மூணாவது தடவை நீங்களே கட் பண்ணீங்க. வண்டியில கிடக்கற போன் எப்படித் தானா கட்டாகும்?"

அத்தனை பேர் நடுவில் அவர் அவளைக் கொலைகாரி என்றபோது அவள் இதைத் தெரிந்துகொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"ஏன் சொல்லல? எல்லாரும் இருந்தாங்களே. சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க எப்படிப்பா அவங்க மூஞ்சியில முழிச்சிருப்பீங்க?"

நெட்காரருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து, அவள் பக்கத்தில் இருந்த கைப்பையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. நாலைந்து படி ஏறிய பிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.